ஐவர் ஆட்டமும் நால்வர் பாட்டும்

ஒரு பொருளை மற்றொரு பொருளோடு ஒப்பிட்டுக் காணும் விருப்பம் மக்களுக்கு இயல்பாகவே அமைந்தது. குழந்தை வான்மதியைக் கண்டு தோசை என்கிறது. புலவன் அதனையே மங்கையின் முகம் என்கிறான். அறியாததை அறிந்ததைக் கொண்டு அளந்து பார்க்கும் இம்முயற்சியிலேதான் உவமை பிறக்கின்றது. அதனை ஏடுகளில் மட்டும் தேடுவோர் பாதியையே காண்பர். சந்தையிலும் தெருவிலும் விளையாட்டு மைதானத்தின் ஓரத்திலும் உவமை நாள்தோறும் பிறந்துகொண்டிருக்கின்றது.

அமெரிக்க நாட்டில் மார்ச் மாதம் பிறந்துவிட்டால் கூடைப்பந்தாட்டமே பேச்சு. அந்நாட்டார் கல்லூரி என்று வழங்குவது நாம் பல்கலைக்கழகம் என்று சொல்வதனை. அக்கல்லூரிகளுக்கிடையே 1939ஆம் ஆண்டில் எட்டு அணிகளுடன் தொடங்கிய சுற்றுப்போட்டி, 2011ஆம் ஆண்டு முதல் அறுபத்தெட்டு அணிகள் பொருதும் பெருவிழாவாக வளர்ந்துள்ளது. அவ்விழாக்காலத்தில் இரசிகர்கள் அணிகளைச் சென்றதொரு பத்தாண்டின் இசைக்குழுக்களோடு ஒப்பிட்டு மகிழ்வதுண்டு. இந்த அணி பீற்றில்ஸ் போன்றது என்பான் ஒருவன். அன்று, அது நான்கு நாள் மின்னி மறையும் குழுவைப் போன்றது என்பான் மற்றொருவன். வழக்கு முடிவதில்லை.

இதனை வேலையற்றோர் வீண்பேச்சு எனத் தள்ளிவிடலாம். தமிழாசிரியனாகிய யான் தள்ள விரும்பவில்லை. உவமை என்று வந்துவிட்டால் அது பொருந்துகிறதா, எந்த அளவுக்குப் பொருந்துகிறது, எவ்விடத்தில் முறிகிறது என்று ஆராய்வது எம்மனோர் தொழில். முறியும் இடத்தில்தான் பொருளின் உண்மை வெளிப்படும் என்பதும் எம் அனுபவம். பழைய மாணவர்கள் கூடிக் கொண்டாடும் இந்த விழா மலரிலே இதனை எழுதுவதற்கும் காரணம் உண்டு. அது போகப்போக விளங்கும்.

ஆராய்ச்சிக்கு 1960களை எடுத்துக்கொள்வோம். இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பிலே மேனாட்டு இசைத்தட்டுகளைக் கேட்டு வளர்ந்த மூத்த பழைய மாணவர்களுக்குப் பீற்றில்ஸ், றோலிங் ஸ்ரோன்ஸ், சுப்றீம்ஸ் என்பன புதிய பெயர்கள் அல்ல. அப்பத்தாண்டே அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தாட்டத்துக்கும் பொற்காலமாய் அமைந்தது.

அளவுகோலுக்கு எங்கும் அலைய வேண்டியதில்லை. தொல்காப்பியர் உவமவியலிலே உவமை தோன்றும் வகைகளை வினை, பயன், மெய், உரு என நான்காக வகுத்துவைத்தார். வீரனைப் புலி என்பது வினை பற்றியது. வள்ளலை மழை என்பது பயன் பற்றியது. இடையை உடுக்கை என்பது மெய்யாகிய வடிவு பற்றியது. மேனியைப் பொன் என்பது உருவாகிய நிறம் பற்றியது. இந்நான்கினையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்போம்.

வினை

1964ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆந் தேதி இங்கிலாந்திலிருந்து வந்த இளைஞர் நால்வர் நியூயோர்க்கில் தொலைக்காட்சியில் தோன்றிப் பாடினர். ஏறக்குறைய ஏழு கோடியே முப்பது இலட்சம் மக்கள் அதனைக் கண்டனர். ஏப்ரல் 4ஆந் தேதி வெளிவந்த அமெரிக்க இசைத்தட்டு வரிசையில் முதல் ஐந்து இடங்களும் பீற்றில்ஸ் குழுவினுடையவையாய் இருந்தன. இவ்விரு நாள்களுக்கும் இடையில், மார்ச் 21ஆந் தேதி, கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் அணி டியூக் அணியை 98 - 83 என்று வென்று முதன்முறையாக நாட்டின் சம்பியன் பட்டத்தைப் பெற்றது. அவ்வாண்டு ஆடிய முப்பது ஆட்டங்களில் ஒன்றிலேனும் அது தோற்கவில்லை. ஆறடி ஐந்தங்குலத்துக்கு மேற்பட்டவர் ஒருவரும் அதன் முதல் ஐவருள் இல்லை என்பது வியப்பு. உயரம் குறைந்தோர் ஆடுகளம் முழுவதும் எதிரியை நெருக்கி, மூச்சுவிட இடங்கொடாது, ஐவரும் ஓருடம்பாய் இயங்கி வென்றனர்.

அவ்வணியைப் பயிற்றியவர் ஜோன் வூடன். அவர் முன்னர் உயர்தரப் பாடசாலைகளிலே ஆங்கிலம் கற்பித்த ஆசிரியர். ஆண்டின் முதற் பயிற்சியிலே மாணாக்கருக்கு அவர் கற்பித்தது காலுறையைச் சுருக்கமின்றி அணிவதும் சப்பாத்து நாடாவை இறுக்கிக் கட்டுவதும். காலுறையில் சுருக்கம் விழுந்தால் பாதத்தில் கொப்புளம் எழும். கொப்புளம் எழுந்தால் ஆட்டம் கெடும். எழுத்தறியாதவனுக்கு இலக்கணம் கற்பிக்கலாகாது என்பதை அறிந்த ஆசிரியரின் செயல் இது. 1964 முதல் 1975 வரையிலான பன்னிரண்டு ஆண்டுகளில் அவர் அணி பத்து முறை வாகை சூடியது. 1971 முதல் 1974 வரை தொடர்ந்து 88 ஆட்டங்களில் வென்றது.

பீற்றில்ஸ் குழுவில் நால்வரும் பாடுவர். நால்வரும் வாத்தியம் வாசிப்பர். ஒருவர் பாடும்போது மற்றவர் ஏவலராய் நிற்பதில்லை. அவர்தம் இசைத்தட்டு ஒவ்வொன்றும் முன்னையதினின்று வேறுபட்டது. வூடனின் அணிகளும் அவ்வாறே. 1964இல் விரைவால் வென்றவர், 1967 முதல் 1969 வரை ஏழடிக்கு மேல் உயர்ந்த லூ அல்சின்டரை நடுநிறுத்தி வென்றார். பின்னாளில் கரீம் அப்துல்-ஜபார் எனப் பெயர் பெற்றவர் இவரே. பின்னர் பில் வோல்ற்றனைக் கொண்டு வேறொரு வகையால் வென்றார். வினையால் இவ்வுவமை பொருந்தும் என்பதில் ஐயமில்லை.

இதற்கு மறுதலையும் உண்டு. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு 1967 முதல் 1970 வரை ஆடிய பீற் மராவிச், ஆட்டத்துக்குச் சராசரி 44.2 புள்ளி வீதம் மூன்றே ஆண்டுகளில் 3,667 புள்ளிகள் ஈட்டினார். தொலைவிலிருந்து எறிந்த பந்துக்கு மூன்று புள்ளி வழங்கும் விதி அக்காலத்தில் இல்லை. ஆயினும் அம்மூன்றாண்டுகளில் அவர் அணி தேசியச் சுற்றுப்போட்டியின் வாயிலைத் தானும் மிதிக்கவில்லை. அதனை இசைக்குழு என்பதிலும் பக்கவாத்தியத்தோடு கூடிய தனிக்கச்சேரி என்பதே தகும். 2024ஆம் ஆண்டில் அவர் எண்ணிக்கையைத் தாண்டியவர் அயோவாப் பல்கலைக்கழகத்து மாணவி கேற்லின் கிளாக். நான்காண்டு ஆட்டமும் மூன்று புள்ளி விதியும் அவருக்குத் துணைசெய்தன என்பது உண்மை. அவர் தம் அணியை இருமுறை இறுதியாட்டத்துக்கு அழைத்துச் சென்றார் என்பதும் உண்மை. தனித்திறமையும் கூட்டு முயற்சியும் ஒன்றற்கொன்று பகையல்ல என்பதற்கு அவர் சான்று.

சின்சினாற்றிப் பல்கலைக்கழகத்தின் கதை இன்னும் சுவையானது. ஒஸ்கார் றொபேட்சன் என்னும் பேராற்றலர் அங்கு ஆடியபோது பட்டம் கிட்டவில்லை. அவர் 1960இல் வெளியேறினார். 1961இலும் 1962இலும் அதே கல்லூரி பட்டம் பெற்றது. சுப்றீம்ஸ் குழுவுக்கோ இதன் மறுபுறம் நேர்ந்தது. 1967இல் அக்குழுவின் பெயருக்கு முன்னே டயனா றொஸ் என்ற பெயர் தனியே ஏறியது. 1970இல் அவர் விலகினார். எஞ்சியோர் பாடிய பாடல்கள் சில நன்கு விலைபோயின. பன்னிரண்டு முறை எட்டிய முதலிடத்தை அக்குழு மீண்டும் எட்டவில்லை. ஒருவர் பெயர் மற்றவர் பெயருக்கு மேல் எழுதப்படும் நாளிலே குழுவின் முடிவும் எழுதப்படுகின்றது.

பயன்

பாட்டின் பயனும் ஆட்டத்தின் பயனும் காண்போர் கேட்போருக்கு இன்பமே. 1968 ஜனவரி 20இல் ஹியூஸ்ரன் நகரத்து மூடுமைதானத்தில் ஹியூஸ்ரன் அணியும் லொஸ் ஏஞ்சலிஸ் அணியும் பொருதபோது 52,693 பேர் கூடினர். நாடெங்கும் தொலைக்காட்சியிலே மாலை வேளையில் காட்டப்பட்ட, வழமையான பருவகாலத்து முதற் கல்லூரி ஆட்டம் அதுவே. ஹியூஸ்ரன் 71 - 69 என வென்றது. கல்லூரி மாணவரின் ஆட்டத்துக்கும் பீற்றில்சின் பாட்டுக்குக் கூடியதை ஒத்த கூட்டம் கூடும் என்பதை அன்று உலகம் கண்டது.

செய்வோருக்குக் கிடைத்த பயனை நோக்குங்கால் உவமை தளர்கின்றது. இசைக்குழுவினர் பாடிப் பொருளீட்டினர். அவர்க்கு உரியது முழுவதும் கிடைத்ததா என்பது வேறு வழக்கு. பொருள் பெறுதல் குற்றம் என்று அவர்க்கு எவரும் விதி செய்யவில்லை. கல்லூரி ஆட்டக்காரனுக்கோ படிப்புச் செலவுக்கான உதவிப்பணத்துக்கு மேற்பட்டது எதுவும் பெறலாகாது என்பது விதி. நுழைவுச்சீட்டும் தொலைக்காட்சி உரிமையும் ஈட்டிய பெரும்பணம் கல்லூரிகளுக்கும் சங்கங்களுக்கும் பயிற்றுநருக்கும் சென்றது. உழுதவன் ஒருவன், உண்டவன் மற்றொருவன் என்னும் முறைப்பாடு அப்போதே எழுந்தது. அது நியாயமான முறைப்பாடு என்பதே என் கருத்து.

மெய்

வடிவால் இரண்டும் நெருங்கிய உறவின. கூடைப்பந்தாட்டத்தை 1891 டிசம்பரில் மசச்சுசெற்ஸ் மாநிலத்து ஸ்பிறிங்பீல்ட் நகரிலே அமைத்தவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர். வகுப்பிலிருந்த பதினெண்மரை ஒன்பதின்மராகப் பிரித்து ஆடவைத்தார். பின்னர் எண்ணிக்கை ஐந்தாகச் சுருங்கியது. கூட்டம் சிறுத்தால் ஒவ்வொருவர் முகமும் தெரியும். ஒருவர் தவறினால் மறைத்துக்கொள்ள இடமில்லை. நான்கைந்து பேர் கொண்ட இசைக்குழுவுக்கும் இது பொருந்தும். 1962 ஓகஸ்ற்றில் றிங்கோ ஸ்ரார் சேர்ந்தபின் பீற்றில்ஸ் குழுவில் எட்டாண்டு ஒருவரும் மாறவில்லை. சிக்காகோவின் லொயோலாப் பல்கலைக்கழகம் 1963இன் இறுதியாட்டத்தில் மேலதிக நேரம் உட்பட முழுவதும் முதல் ஐவரையே ஆடவைத்து, சின்சினாற்றியை 60 - 58 என வென்றது. அமர்ந்திருந்தோர் எழவே இல்லை.

மெய் என்னும் சொல்லுக்கு உடம்பு என்றும் உண்மை என்றும் பொருள் உண்டு. உடம்பு இருந்து உண்மை இல்லாத குழுவும் அக்காலத்தில் தோன்றியது. 1965இல் விளம்பரம் செய்து, வந்தோருள் நால்வரைத் தெரிந்தெடுத்து, தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்காகவே ஆக்கப்பட்ட குழு மங்கீஸ். 1966இல் தொடர் தொடங்கியது. இசைத்தட்டுகள் இலட்சக்கணக்கில் விற்றன. முதலில் வந்த தட்டுகளில் வாத்தியம் வாசித்தவர் பெரும்பாலும் கூலிக்கு வந்த வேறு கலைஞர். இச்செய்தியை வாசகர் நினைவில் இருத்துக. அந்நால்வரும் 1967இல் செய்த செயலையும் நினைவில் இருத்துக: எங்கள் வாத்தியத்தை நாங்களே வாசிப்போம் என்று வழக்காடி, அவ்வாறே வாசித்து ஓர் இசைத்தட்டை வெளியிட்டனர். விலைக்கு வாங்கப்பட்ட உடம்புக்குள் உண்மை புகுந்துகொள்ள முயன்ற கதை இது.

உரு

உரு என்பது நிறம். 1960களின் அமெரிக்காவிலே நிறம் உவமைக்குரிய பொருளாய் மட்டும் நிற்கவில்லை. அது சட்டமாய், சுவராய், சிறைக்கதவாய் நின்றது. நான்கு வகைகளுள் இதிலேதான் ஆட்டமும் பாட்டும் மிக நெருங்கி நிற்கின்றன.

மிசிசிப்பி மாநிலத்துக் கல்லூரிகள் கறுப்பினத்தவர் இடம்பெற்ற அணிகளோடு ஆடலாகாது என்பது அங்கு எழுதாச் சட்டம். 1963இல் மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழக அணி அதனை மீறியது. நீதிமன்றத் தடை கையில் கிடைக்குமுன் மாநிலத்தை விட்டு மறைவாக வெளியேறி, மிச்சிகன் மாநிலம் சென்று, முதல் ஐவருள் நால்வர் கறுப்பினத்தவராயிருந்த லொயோலா அணியோடு ஆடியது. ஆட்டத்தொடக்கத்தில் இரு தலைவரும் கைகுலுக்கினர். மிசிசிப்பி 61 - 51 எனத் தோற்றது. தோற்ற அணியை வரலாறு வாழ்த்தும் நிகழ்ச்சிகளுள் இஃதொன்று.

மூன்றாண்டுகளின் பின், 1966 மார்ச் 19இல், ரெக்சஸ் வெஸ்ரேர்ண் என்னும் புகழ்பெறாத கல்லூரி, பெரும்புகழ் வாய்ந்த கென்ரக்கி அணியை இறுதியாட்டத்தில் எதிர்த்தது. கென்ரக்கி அணியில் அனைவரும் வெள்ளையர். ரெக்சஸ் வெஸ்ரேர்ணின் பயிற்றுநர் டொன் ஹஸ்கின்ஸ் களத்தில் இறக்கிய ஐவரும் கறுப்பினத்தவர். மாற்றாட்டக்காராய்ப் புகுந்த இருவரும் அவ்வினத்தவரே. அவ்வணி 72 - 65 என வென்றது. சிறந்த ஐவரை இறக்கினேன், வேறொன்றும் எண்ணவில்லை என்பதே ஹஸ்கின்ஸ் பின்னர் அளித்த விளக்கத்தின் சாரம். கறுப்பினத்தவரால் தலைமை தாங்கி அறிவோடு ஆடமுடியாது என்று கூறித் திரிந்தோரின் வாய் அவ்விரவோடு அடைத்தது.

இவற்றுக்கு இணையான இசைக்குழு எது? மெம்பிஸ் நகரத்து புக்கர் ரீயும் எம். ஜீ. குழுவினரும் என்பேன். இரு இனத்தாரும் ஒரே உணவுச்சாலையில் அமர்ந்து உண்ண இயலாத நகரங்கள் மலிந்த தென்னாட்டிலே, 1962 முதல் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே குழுவாய் அமர்ந்து வாசித்தனர். 1965 முதல் அந்நால்வருள் இருவர் கறுப்பினத்தவர், இருவர் வெள்ளையர். இசைத்தட்டைக் கேட்போன் எந்த விரல் எந்த நிறம் என்று பிரித்தறிய இயலாது. பீற்றில்ஸ் குழுவினரும் 1964 செப்டெம்பரில் புளோறிடாவின் ஜக்சன்வில் நகரிலே, இனம் பிரித்து அமர்த்தப்பட்ட கூட்டத்தின் முன் பாடமாட்டோம் என்று மறுத்தனர். பிரிவினை நீக்கப்பட்ட பின்பே பாடினர். ஓர் அரங்கத்தின் ஆசனங்கள் ஒன்றாயின. சட்டம் செய்ய வேண்டியதைச் சில வேளை ஆட்டமும் பாட்டும் முந்திச் செய்துவிடுகின்றன.

வேற்றுமை

தண்டியலங்காரம் வேற்றுமையணி என ஒன்றைக் கூறும். இரு பொருளின் ஒப்புமையைக் கூறிப் பின் அவற்றின் வேறுபாட்டைக் காட்டுவது அவ்வணி. நம் உவமையும் ஈண்டு வேற்றுமையணியாகின்றது. வேறுபாடு ஆயுளில் உள்ளது.

1970இல் பீற்றில்ஸ் பிரிந்தது. பின் நால்வரும் தனித்தனியே பாடினர், பீற்றில்ஸ் இல்லை. 1969இல் அல்சின்டர் பட்டம் பெற்று வெளியேறினார். லொஸ் ஏஞ்சலிஸ் அணி 1970இலும் வென்றது, 1971இலும் வென்றது. இசைக்குழுவிலே ஆள் போனால் பெயர் போகின்றது. கல்லூரி அணியிலே ஆள் போவது விதி. பெயர் நிற்பதும் விதி. நான்காண்டுக்கொருமுறை முழு அணியும் மாறியாக வேண்டும் என்பது பிறப்பிலேயே எழுதப்பட்டிருந்தும் அது சாவதில்லை.

இதன் மருமம் என்ன? இசைக்குழுவில் இளையவன் இல்லை. அதிலுள்ளோர் சேர்ந்து தொடங்கிச் சேர்ந்து மூப்படைகின்றனர். கல்லூரி அணியில் எப்போதும் ஒருவன் வந்துகொண்டிருக்கின்றான், ஒருவன் போய்க்கொண்டிருக்கின்றான். போகிறவன் வருகிறவனுக்குக் கற்பித்துவிட்டே போகிறான். அக்காலத்தில் முதலாண்டு மாணவர் பெரிய அணியில் ஆடலாகாது. தனி அணியாய் ஆடி மூத்தோரைப் பார்த்துப் பழகுதல் வேண்டும். 1965 நவம்பரில் லொஸ் ஏஞ்சலிசின் முதலாண்டு அணி, அல்சின்டரின் துணையோடு, ஈராண்டு சம்பியனாயிருந்த சொந்தக் கல்லூரிப் பெரிய அணியையே 75 - 60 எனத் தோற்கடித்தது. மகன் தந்தையை விஞ்சிய காட்சி அது. தந்தைக்கு அதைவிடப் பெருமை வேறென்ன?

இசைக்குழுக்களிலும் இம்மருமத்தை உணர்ந்தவை சில உண்டு. டிற்றோயிற் நகரத்து ரெம்ரேஷன்ஸ் குழு 1968இல் தன் புகழ்பெற்ற முன்னணிப் பாடகரையே நீக்கிவிட்டு வேறொருவரைச் சேர்த்தது. பின்னும் பலர் வந்தனர், போயினர். தொடக்கத்திலிருந்த ஒற்றிஸ் வில்லியம்ஸ் ஒருவர் மட்டும் புதியோருக்கு முறையைக் கற்பித்துக்கொண்டே அறுபதாண்டுக்கு மேல் நிலைத்தார். இசைக்குழுவும் கல்லூரியைப் போல வாழ்ந்தால் நீடிக்கும் என்பதற்கு அக்குழு சான்று.

இக்காலத்து நிலை

துயரம் யாதெனில், இந்த ஒரு வேற்றுமையும் இன்று மறைந்து வருகின்றது. முன்னர் ஒரு கல்லூரியை விட்டு மற்றொன்றுக்குச் செல்லும் ஆட்டக்காரன் ஓராண்டு ஆடாதிருக்க வேண்டும். 2018இல் மாற விரும்புவோர் பெயர் கொடுக்கும் பதிவேடு ஏற்பட்டது. 2021இல் ஒருமுறை தடையின்றி மாறலாம் என்றாயிற்று. 2024இல் எத்தனை முறையும் மாறலாம் என்றாயிற்று. 2021 ஜூலை முதல் ஆட்டக்காரர் தம் பெயரையும் படத்தையும் கொண்டு பொருளீட்டலாம். 2025 ஜூலை முதல் கல்லூரிகளே அவர்க்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம்.

பணம் கொடுத்ததை யான் குறை கூறேன். உழுதவனுக்கு நெல் கிடைக்க வேண்டும் என்பது அறம். 2021இல் அந்நாட்டு உயர்நீதிமன்றத்து நீதிபதிகள் ஒன்பதின்மரும் ஒருமனதாய் ஆட்டக்காரர் பக்கம் தீர்ப்பளித்தமையும் அவ்வறத்தின்பாற்பட்டதே. என் கவலை பணத்தைப் பற்றியதன்று, ஆண்டுகளைப் பற்றியது. ஆண்டுதோறும் கல்லூரி மாறும் இளைஞனுக்கு மூத்தவன் எப்போது கற்பிப்பான்? அவன் எப்போது மூத்தவனாவான்? விளம்பரம் செய்து நால்வரைச் சேர்த்த மங்கீஸ் குழுவைப் போல, பதிவேட்டைப் பார்த்துப் பன்னிருவரைச் சேர்க்கும் அணிகள் பெருகிவிட்டன.

இங்கேதான் பழைய மாணவர் காட்சிக்குள் நுழைகின்றனர். அந்த ஆட்டக்காரரைச் சேர்க்கும் பணத்தில் பெரும்பகுதியைத் திரட்டியவை கல்லூரிகளின் பழைய மாணவரும் ஆதரவாளரும் அமைத்த நிதிக்கூட்டங்கள். கல்லூரியின் மேல் கொண்ட அன்பினாலேயே அவர்கள் கொடுத்தனர். அவ்வன்பு வாங்கித் தந்தது பல வேளை அவ்வாண்டின் வெற்றி ஒன்றையே. அடுத்த ஆண்டு மீண்டும் வாங்க வேண்டும்.

இதற்கு எதிர்ச்சான்று ஒன்றையும் கூறுதல் நேர்மை. கென்ரக்கியிலே 2024இல் பயிற்றுநர் விலகினார். உதவிப்பணம் பெற்ற ஆட்டக்காரர் அனைவரும் போயினர். புதிய பயிற்றுநராய் வந்தவர் மார்க் போப், அதே கல்லூரி 1996இல் பட்டம் வென்றபோது அணித்தலைவராயிருந்தவர். ஆட்டக்காரர் யாவரும் புதியோர். கல்லூரியை உள்ளிருந்து அறிந்தவர் அப்பழைய மாணவரே. அவ்வணி அடுத்த மார்ச்சில் கடைசிப் பதினாறு அணிகளுள் ஒன்றாய் நின்றது. கூட்டிச் சேர்க்கப்பட்டோரும் அணியாகலாம், மங்கீஸ் குழுவினர் தம் வாத்தியத்தைத் தாமே வாசித்தது போல. ஆயின் நினைவைக் கையளிக்க ஒருவர் வேண்டும். அது விலைக்கு வாங்கும் பொருளன்று.

நமக்கு

பழைய மாணவ அன்பர்களே, நமது நாட்டுப் பாடசாலைக் கூடைப்பந்தாட்டத்துக்கும் மேற்கூறியவற்றுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். இங்கு கோடிகள் இல்லை. தொலைக்காட்சி உரிமைகள் இல்லை. ஆயினும் கேள்வி ஒன்றே. கல்லூரியின் மேல் அன்புகொண்ட பழைய மாணவன் அவ்வன்பை எவ்வழியிற் செலுத்துவது?

உள்ளூரிலும் கடல் கடந்தும் வாழும் அன்பர்கள் கொடுக்கும் பணத்தை இரு வகையாகச் செலவிடலாம். இவ்வாண்டு கேடயத்தை எப்படியேனும் கொண்டுவருவதற்குச் செலவிடலாம். வேறு பாடசாலையில் வேறு ஆசிரியர் வியர்வை சிந்தி வளர்த்த மாணவனை ஆசை காட்டி அழைப்பதும் இவ்வகையுள் அடங்கும். அது மங்கீஸ் வழி. மற்றொன்று, இன்னும் கல்லூரியிற் சேராத சிறுவனை எண்ணிச் செலவிடுவது. ஆடுகளத்தின் வெடிப்பைப் பூசுவது. பதினைந்து வயதுக்குட்பட்ட அணிக்கும் பந்து வாங்குவது. தொலைவிலிருந்து வரும் மாணவன் மாலைப் பயிற்சி முடிந்து வீடு செல்லப் பேருந்துக் கட்டணம் கொடுப்பது. சப்பாத்து இல்லாதவனுக்குச் சப்பாத்து வாங்கி, காலுறை அணியும் முறையையும் சொல்லிக்கொடுப்பது. இவற்றால் கேடயம் உடனே வாராது. அணி வரும்.

பணத்தினும் மேலான கொடை ஒன்றுண்டு. அது மாலையில் ஒருமணி நேரம். முன்னாள் ஆட்டக்காரர் ஒருவர் களத்தோரம் வந்து நின்று, எந்த ஆண்டில் எந்த ஆட்டத்தில் எவ்வாறு தோற்றோம், பின் எவ்வாறு எழுந்தோம் என்று சிறுவர்க்குச் சொல்வாராயின், பல்லாயிரம் ரூபா செய்யாததை அது செய்யும். வென்ற அணிகளின் பெயர்கள் மட்டுமே பலகையில் ஏறுதல் போதாது. ஆண்டுதோறும் ஆடிய அணி ஒவ்வொன்றன் பெயர்வரிசையும், தோற்ற அணியினுடையதும், ஓர் ஏட்டில் எழுதப்பட்டு அடுத்த தலைவன் கையில் ஒப்படைக்கப்படல் வேண்டும். இவ்விழா ஆண்டிலே பழைய மாணவர் சங்கம் அவ்வேட்டைத் தொடங்குமாயின் அது கட்டடத்துக்குக் குறைந்த நினைவுச்சின்னமாகாது.

உவமையின் இலக்கணத்தில் ஒன்று எஞ்சி நிற்கின்றது. உவமையாக வரும் பொருள் உவமிக்கப்படும் பொருளினும் உயர்ந்ததாதல் வேண்டும் என்பது தொல்காப்பியர் கொள்கை. அணியை இசைக்குழுவுக்கு ஒப்பிடும் இரசிகர் இசைக்குழுவே உயர்ந்தது என்று தம்மையறியாமலே தீர்ப்பளித்துவிட்டனர். புகழாலும் பொருளாலும் அத்தீர்ப்புச் சரியாகலாம். ஆயுளால் அது பிழை. தன்னோடு முடியும் குழுவினும், தனக்குப் பின் வருவோனுக்குப் பந்தைக் கொடுத்துவிட்டுக் களத்தை விட்டு விலகும் அணியே உயர்ந்தது. ஆகவே இனி நல்ல இசைக்குழு ஒன்றைக் கண்டால், இது நல்லதொரு கல்லூரி அணியைப் போன்றது என்று புகழ்வோம்.

நம்மிடமிருந்து பந்தைப் பெற இளையோர் கைநீட்டி நிற்கின்றனர். கல்லூரித்தாய் நீடு வாழ்க.